கடைசி எபிசோடைப் பாத்துட்டுப் பூ வைங்க

முதல்லயே சொல்லிடறேன், அந்தச் சீன நாடகத்த நானா தேடிப் போயி பாக்கல. எனக்கு அதுக்கெல்லாம் நேரமும் கெடையாது, பொறுமையும் கெடையாது. மூணாங்கிளாஸ் டீச்சரு நான். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் "மிஸ், இவன் கிள்றான் மிஸ்"னு கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தா யாரு பேசினாலும் எரிச்சலா வரும். இதுல சீனாக்காரங்க பேசறத வேற நான் எதுக்குக் கேக்கணும்?

எல்லாம் என் பொண்ணு பண்ண வேல. சிதம்பரத்துல ஹாஸ்டல்ல தங்கி விவசாயம் படிக்கறா, கடைசி வருஷம். சனிக்கிழமையானா துவைக்க வேண்டிய துணியெல்லாம் ஒரு பையில அடைச்சுக்கிட்டு, பாசஞ்சர் ரயில் ஏறி திருப்பாதிரிப்புலியூர்ல வந்து எறங்கிடுவா. அந்தச் சனிக்கிழமை நான் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். ஏன்னா அந்த வாரந்தான் எங்கண்ணன் சிதம்பரத்துலேர்ந்து போன் பண்ணியிருந்தாரு. "பையனுக்கு வேல நிரந்தரம் ஆயிடுச்சும்மா. இனிமே எதுக்குத் தள்ளிப் போடணும்? தை பொறந்ததும் நல்ல நாளாப் பாத்து வந்து உம்பொண்ணுக்குப் பூ வச்சிடறோம்"னாரு.

பூ வைக்கறதுன்னா எங்க பக்கம் சின்ன விஷயம் இல்ல. நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி பையன் வீட்டுக்காரங்க தட்டோட வந்து, பொண்ணு தலையில பூ வச்சுட்டுப் போவாங்க. வச்சாச்சுன்னா அவ அவுங்க வீட்டுப் பொண்ணு. அப்புறம் மாத்திப் பேசினா ஒறவே அத்துப் போயிடும். எங்கண்ணன் மவனும் என் பொண்ணும் ஒண்ணா வளந்ததுங்க. கோடை லீவுன்னா இது அங்க கெடக்கும், இல்லன்னா அது இங்க கெடக்கும். என் பொண்ணு பொறந்த அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்த அண்ணி, "என் மருமவ வந்துட்டா"ன்னு என் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டாங்க. நான் அப்ப சரியா எந்திரிச்சுக்கூட உக்காரல.

அதனால இதுல கேக்க என்ன இருக்குன்னுதான் நெனச்சேன். இருந்தாலும் காலம் மாறிப் போச்சே, ஒரு வார்த்த கேட்டுக்குவோம்னு பொண்ணுக்குப் போன் பண்ணேன். "மாமா பூ வைக்க வரேங்கறாரு. உனக்கு என்னடி தோணுது?" லைன் கட் ஆயிடுச்சோன்னு ரெண்டு தடவ அலோ அலோன்னேன். அப்புறம், "சனிக்கிழமை வரேன்மா"ன்னா. அவ்ளோதான்.

வந்தா. காபி குடிச்சா. "என்னடி சொல்ற?"ன்னேன். டிவியிலயே நெட்டுல எதையோ தேடிப் போட்டுவிட்டு, "அம்மா, இத நீ முழுசாப் பாரு. அப்புறம் பேசலாம்"னா. முழுசான்னு சொன்னா. எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா அந்த வார்த்தையிலதான் விஷயமே இருக்குன்னு அப்ப யாருக்குத் தெரியும்?

பாக்க ஆரம்பிச்சா, ஐயோ கடவுளே, யாரு யாருன்னே புரியல. பள்ளிக்கூடப் பசங்க கத. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி, நீலமும் வெள்ளையுமா, தொளதொளன்னு ஒரு டிராக் சூட். பொண்ணுங்களுக்கும் அதே, பையனுங்களுக்கும் அதே. எங்க ஸ்கூல்லயாவது ரிப்பன வச்சுக் கண்டுபுடிச்சிடலாம். தமிழ்ல டப்பிங் பண்ணியிருந்தாங்க. அந்தத் தமிழ் இருக்கே, கடலூர்லயும் பேச மாட்டாங்க, சென்னையிலயும் பேச மாட்டாங்க. "நீ என்னை வெறுக்கிறாயா?"ன்னு கேட்டுக்கிட்டே நூடுல்ஸ் சாப்புடுதுங்க.

கத என்னன்னா, ஒரு மாடிக் கட்டடத்துல எதிரும் புதிருமா ரெண்டு வீடு. ஒண்ணுல பையன், ஒண்ணுல பொண்ணு. அவ அவன் வீட்டுல சாப்புடுவா, அவன் அவ வீட்டுல தூங்குவான். அந்தப் பொண்ணு அவன "அண்ணா, அண்ணா"ன்னு வாய் ஓயாம கூப்புட்டுக்கிட்டே இருக்கா. திடீர்னு ஒரு நாள் அவன் சைக்கிள் பின்னாடி உக்காந்து போறப்ப அவளுக்கு நெஞ்சு அடிச்சுக்குது. ஒடனே ஒரு பாட்டு.

"அடச்சீ! அண்ணாங்கறா, அவனையே போயி லவ் பண்றாளே. வெவஸ்தையே கெடையாதா இதுங்களுக்கு?"ன்னேன்.

என் பொண்ணு திரும்பி என்ன ஒரு பார்வ பாத்தா. "நீ மட்டும் என்னவாம்? யாரு மடியில உக்காந்து காது குத்திக்கிட்டியோ அவரையே கட்டிக்கிட்டவதானே?"

அது உண்மதான். என் வீட்டுக்காரர் எங்கம்மாவோட கடைசித் தம்பி. எனக்குக் காது குத்தறப்ப தாய்மாமன்னு மடியில வச்சுக்கிட்டிருந்தவரு அவருதான். அவருக்கே அப்ப மீச மொளைக்கல. நான் அலறின அலறலப் பாத்துட்டு அவரும் கூடச் சேந்து அழுதாராம். பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அவரு எனக்கு மாமா, இன்னிக்கும் மாமா. ஸ்டேஷன் பக்கத்துல வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கட வச்சிருக்காரு. பத்து வார்த்த பேச வேண்டிய எடத்துல ஒரு வார்த்த பேசுவாரு. மிச்சத்த நான் பேசிடுவேன்.

"அம்மா, உனக்கு அப்பா மேல எப்பம்மா லவ் வந்துச்சு?"

டிவியப் பாத்துக்கிட்டே, என்னமோ உப்பு எங்க இருக்குன்னு கேக்கற மாதிரி கேட்டா. "போடி, வேலையப் பாரு"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். குழம்பு கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. எப்ப வந்துச்சு? கல்யாணத்துக்கு முன்னாடியா? அப்ப அவரு மாமா, வீட்டுக்கு வந்தா முறுக்கு வாங்கியாருவாரு. கல்யாணத்துக்கு அப்புறமா? அப்பவும் மாமாதான், அதே முறுக்குதான். எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்ட நாளுன்னு ஒண்ணத் தேடிப் பாத்தேன். ஒரு புயல் சமயம், பஸ் எல்லாம் நின்னு போயி, அவரு ஆலப்பாக்கத்துலேர்ந்து அவ்ளோ தூரமும் நடந்தே வந்து வாசல்ல நின்னாரு. அப்ப அடிச்சுக்கிச்சு. அது பயத்துலயா, வேற எதாலயான்னு தெரியல. யோசிச்சுக்கிட்டே நின்னதுல குழம்பு அடிபுடிச்சுப் போச்சு.

பொண்ணு ஞாயித்துக்கிழமை கெளம்பிப் போனதும் நான் விட்டுத் தொலச்சிருக்கணும். விட முடியல. ஸ்கூல்லேர்ந்து வந்து மொகம் கழுவினதும் கை தானா ரிமோட்டுக்குப் போவுது. பசங்க நோட்டத் திருத்திக்கிட்டே பாப்பேன். அந்தப் பையன் நல்லவனா கெட்டவனா, அவன் ஏன் எதையும் வாய் விட்டுச் சொல்ல மாட்டேங்கறான், ஒண்ணும் புரியல. சொல்லித் தொலையேன்டான்னு டிவியப் பாத்துக் கத்தினேன். பக்கத்து வீட்டம்மா என்னமோ சண்டன்னு நெனச்சு எட்டிப் பாத்தாங்க.

அடுத்த சனிக்கிழமை பொண்ணும் வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டா. அன்னிக்குன்னு பாத்து அந்தப் பையன் வெளியூருக்குப் படிக்கப் போறான். ரயில் கெளம்பற நேரம். கொட்டற மழையில அந்தப் பொண்ணு ஓடி வந்து, "எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது"ங்கறா. ஒரு வழியா அவனும் சொல்லிடறான். அப்பாடான்னு பக்கத்துல திரும்பினா, என் பொண்ணு மூக்க உறிஞ்சிக்கிட்டு அழறா. துப்பட்டா நனஞ்சு போயிருக்கு.

எனக்குப் பளிச்சுனு புரிஞ்சு போச்சு. அதாவது, புரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். ஒண்ணா வளந்த பையன்னா யாரு? அடி கள்ளி, வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நாடகத்தப் போட்டுக் காட்டறியான்னு மனசுக்குள்ளயே சிரிச்சுக்கிட்டேன். நம்ம சீரியல்ல ரெண்டு பேரும் மனசத் தொறந்து சொல்லிட்டாங்கன்னா அடுத்தது கல்யாணம், அதுக்கப்புறம் மாமியார் சண்ட. அதப் பாக்க நான் சீனாவரைக்கும் போவணுமா? அதோட நிறுத்திட்டேன். அவ ரயில் ஏறினதும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "வாங்கண்ணா, வந்து பூ வைங்க. பொண்ணுக்குப் பூரண சம்மதம்"னேன்.

அண்ணி போனப் புடுங்கிக்கிட்டாங்க. "எங்க வீட்டுலயும் இதே கூத்துதான்! பையன் ஏதோ சீனா நாடகம்னு போட்டுக் காட்டினான். அந்த ரயில் சீனுல அவன் மொகம் போன போக்கப் பாக்கணுமே! நான் அப்பவே கண்டுபுடிச்சிட்டேன்"னாங்க. ரெண்டு பேரும் போன்லயே கண்ணத் தொடச்சுக்கிட்டோம். ரெண்டு வீட்டுலயும் ஒரே நேரத்துல ஒரே நாடகம் எப்படி ஓடுச்சுன்னு ரெண்டு பேருல ஒருத்தருக்காவது தோணுச்சா? தோணல.

வீட்டுக்காரர் சாப்புட்டுக்கிட்டிருந்தாரு. விஷயத்தச் சொன்னேன். "பாப்பா சரின்னு சொல்லுச்சா?"ன்னாரு.

"அழுதா மாமா. என் கண்ணால பாத்தேன்."

"அழுததக் கேக்கல. சொல்லுச்சான்னு கேட்டேன்."

"பொம்பளப் புள்ள மனசு உங்களுக்கு என்ன தெரியும்? மோர ஊத்திச் சாப்புடுங்க"ன்னேன். சாப்புட்டாரு.

பொண்ணுகிட்ட, "பொங்கலுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுல எல்லாரும் வராங்க"ன்னு மட்டுந்தான் சொன்னேன். பூ விஷயம் அவளுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு மறைச்சேன். "நாடகம் பாத்து முடிச்சிட்டியாம்மா?"ன்னு கேட்டா. "ஆச்சு ஆச்சு"ன்னேன். ஒரு பெரிய மூச்சு விட்டா. சந்தோஷந்தான்னு எடுத்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து எறங்கினாங்க. அண்ணி கையில ஒரு பெரிய தூக்கு நெறைய கத்திரிக்கா கொத்சு. பின்னாடியே அண்ணன் தட்ட எடுத்துக்கிட்டு வராரு. வெத்தல பாக்கு, பழம், ஒரு பட்டுப் பொடவ, அது மேல பந்து பந்தா மல்லிப்பூ. கடைசியா வந்த பையன், தட்டப் பாத்துட்டு என் பொண்ணப் பாத்தான். அவ அவனப் பாத்தா. அந்தப் பார்வையிலயும் காதல்தான் தெரிஞ்சுது எனக்கு. என்னத்தச் சொல்ல.

அண்ணி பூவ எடுத்துக்கிட்டு கிட்ட வந்தாங்க. என் பொண்ணு கழுத்தப் பின்னாடி இழுத்துக்கிட்டா.

"அத்த, ஒரு நிமிஷம். அம்மா, நீ நெஜமாவே கடைசி எபிசோட் பாத்தியா?"

"அதான் பாத்தனேடி, ரயில்ல..."

"அது பாதிம்மா!"

பையன் தலையில கை வச்சுக்கிட்டான். "அம்மா, நீயும் அங்கயே நிறுத்திட்டியா?"ன்னு அண்ணியக் கேட்டான். அண்ணி பூவக் கையில வச்சுக்கிட்டு என்னப் பாக்கறாங்க, நான் அவுங்களப் பாக்கறேன். அப்புறந்தான் விஷயம் வெளிய வந்துச்சு. ரெண்டும் பேசி வச்சுக்கிட்டுத்தான் ரெண்டு வீட்டுலயும் அந்த நாடகத்தப் போட்டுக் காட்டியிருக்குதுங்க. கல்யாணம் வேண்டாம்னு மொகத்துக்கு நேரா சொன்னா நாங்க ஒடஞ்சு போயிடுவோமாம். முழுசாப் பாத்தா நாங்களே புரிஞ்சுக்குவோமாம். எங்களப் பத்தி என்னா ஒரு நம்பிக்க!

"கடைசி எபிசோடப் பாத்துட்டுப் பூ வைங்க அத்த. அதுக்கப்புறமும் வைக்கணும்னு தோணுச்சுன்னா நான் தலையக் காட்டறேன்"னா என் பொண்ணு.

"என்ன வெளையாட்டு இது? ராவு காலம் வந்துடும்"னு அண்ணன் கத்தினாரு.

"நாலரைக்குத்தான் ராவு காலம். போடும்மா"ன்னாரு என் வீட்டுக்காரர். அவரு அந்த மாதிரிப் பேசி நான் பாத்ததே இல்ல.

போட்டா. தட்டு டீப்பாய் மேல இருக்கு. எல்லாரும் வரிசையா உக்காந்து பாக்கறோம். வருஷங்க ஓடிப் போச்சு. டிராக் சூட் போயி கோட்டு வந்துடுச்சு. அந்தப் பழைய மாடிக் கட்டடத்த இடிக்கப் போறாங்க. கடைசியா ஒரு தடவ பாக்க ரெண்டு பேரும் வராங்க. உக்காந்து நூடுல்ஸ் சாப்புடுதுங்க. "அப்போது எனக்கு உன்னை மிகவும் பிடித்திருந்தது"ங்கறா. "எனக்கும்"ங்கறான். "இப்போது?"ன்னு கேட்டுட்டு, ரெண்டும் தலைய ஆட்டிக்கிட்டு சிரிக்குதுங்க. சைக்கிள்ல கொண்டு போயி ஸ்டேஷன்ல விடறான். அவ கை ஆட்டிட்டுப் போயிடறா. எழுத்து ஓடுது.

"மிச்சம் எங்க? அடுத்ததப் போடு"ன்னாரு அண்ணன்.

"அவ்ளோதான் மாமா."

"அப்ப கல்யாணம்?" இது அண்ணி.

"கெடையாது அத்த."

"அப்ப எதுக்கு இத்தன எபிசோடு எடுத்தான், வேலையத்தவன்?"

யாரும் சிரிக்கல. நாந்தான் கேட்டேன். "நீ அழுதியேடி அன்னிக்கு. பொய்யா அழுத?"

"நெஜமாத்தாம்மா அழுதேன். பத்தாவது படிக்கறப்ப ஆனித் தேர் பாக்க இவுங்க வீட்டுக்குப் போனோமே, அப்ப இவன எனக்கு அவ்ளோ புடிச்சிருந்துச்சு. சோறு எறங்கல. நீ காமாலன்னு சொல்லி கீழாநெல்லி அரச்சுக் குடுத்த. அப்புறம் அது போயிடுச்சும்மா."

"எனக்கு அதுக்கப்புறந்தான் அத்த வந்துச்சு"ன்னான் பையன், தரையப் பாத்துக்கிட்டு. "அதுக்குள்ள இவளுக்குப் போயிடுச்சு. இப்ப எனக்கும் இல்ல. இப்ப நாங்க நல்லா இருக்கோம்."

எனக்குத் தல சுத்துச்சு. போயிடுச்சுன்னா எங்க போச்சு? ரயில்ல மறந்து வச்சுட்டு வர அது என்ன கொடையா? புடிச்சா புடிச்சதுதானே! எனக்கு வந்த நாளும் தெரியல, போன நாளும் தெரியல, இதுங்க ரெண்டும் தேதி போட்டுச் சொல்லுதுங்க. ஒரு வேள நாந்தான் எதையோ வுட்டுட்டேனா? நான் கோவப்படணுமா, பாவப்படணுமான்னே புரியல.

அண்ணன் எந்திரிச்சாரு. "சரி, கெளம்பலாம்"னு தட்டத் தொட்டாரு. அவரு மொகம் செத்துப் போயிருந்துச்சு. எங்கம்மா அப்பா போனதுக்கப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னா அவரு ஒருத்தருதான். அந்தத் தட்டு அப்படியே திரும்பிப் போச்சுன்னா எனக்கு இனிமே சிதம்பரம் இல்ல. வா வான்னு கூப்புட்டது நான். இந்தப் பக்கம் என் பொண்ணு, அவுங்க யாரையும் பாக்காம என்னையே பாத்துக்கிட்டு நிக்கறா. காதல் வந்ததும் போனதும் எனக்குப் புரியல. ஆனா பூ கிட்ட வந்தப்ப அவ கழுத்தப் பின்னாடி இழுத்துக்கிட்டது புரிஞ்சுது. காது குத்தறப்ப நானும் அப்படித்தான் இழுத்திருப்பேன்.

"அண்ணி, பூவ எனக்கு வைங்க"ன்னேன்.

"என்ன சொல்ற நீ?"ன்னாரு அண்ணன்.

"பொங்கலுக்குப் பொறந்த வீட்டுச் சீரு தங்கச்சிக்குத்தானே? இத எனக்குக் கொண்டாந்ததா வச்சுக்கங்க. தட்டு திரும்ப வேண்டாம்ணா."

"சீருதான் போன வாரமே அனுப்பிட்டனே!" அண்ணன் பாவம், நெஜமாவே கொழம்பிப் போயிட்டாரு.

"பத்தல"ன்னேன். சொல்லும்போதே அழுக வந்துடுச்சு.

அண்ணி அண்ணனத் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் வந்து என் பின்னாடி நின்னு பூவ வச்சாங்க. கோவமா அழுகையான்னு தெரியல, ஹேர்பின்ன என் மண்டையில எறக்கற மாதிரிதான் சொருகினாங்க. நான் மூச்சு விடல. பட்டுப் பொடவையும் எனக்கே வந்துச்சு. அண்ணன் சாப்புட்டாரு, ஆனா பேசல. வண்டி ஏறறப்ப மட்டும், "மாசி மகத்துக்குக் கடலுக்கு வருவோம். எறா வாங்கி வை"ன்னாரு. எனக்கு அது போதும்.

பொண்ண சாயங்கால ரயில்ல ஏத்தி விட்டுட்டு வந்து, வீட்டுக்காரருக்கு மிச்சம் இருந்த கொத்சோட இட்லி வச்சேன். "பூ நல்லாருக்கு"ன்னாரு. ரெண்டு வார்த்த. எனக்கு என்ன தைரியமோ, கேட்டுட்டேன்.

"மாமா, என்னக் கட்டிக்க இஷ்டமான்னு அன்னிக்கு உங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

இட்லியப் பிச்சுக்கிட்டே யோசிச்சாரு. "இல்ல. உன்னக் கேட்டாங்களா?"

"இல்ல."

"சரி, இப்ப நான் கேக்கறேன். அன்னிக்குக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

எதுக்கும் பதில் தயாரா வச்சிருக்கறவ நான். அவருக்குச் சேத்து நானே பேசறவ. கொத்சுக் கரண்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா"ன்னேன்.

"யோசி. ஒண்ணும் அவசரமில்ல"ன்னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டாரு.

மாசியும் வந்துடுச்சு, இன்னும் சொல்லல. தெனம் கடையச் சாத்திட்டு வந்து, வாசல்ல செருப்பக் கழட்டும்போது அவரு என் மொகத்த ஒரு தடவ பாக்கறாரு. எதுவும் கேக்க மாட்டாரு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. பயத்துலயா, வேற எதாலயான்னு தெரியல.